குழந்தைக்குக் குவளையில் தண்ணீர் குடிக்கப் பழக்குதல்

குவளையில் குடிக்கப் பழக்குதல் என்பது, தாய்ப்பால் குடித்து வளரும் குழந்தை தண்ணீரையும் பிற நீர்ம உணவுகளையும் திறந்த வாயுள்ள சிறு பாத்திரத்திலிருந்து உறிஞ்சி விழுங்கக் கற்றுக்கொள்வதைக் குறிக்கும். குழந்தைக்கு 6 மாதம் நிறைந்து இணை உணவு தொடங்கும்போது இந்தப் பழக்கமும் தொடங்கப்படுகிறது. தாய்ப்பாலுக்கும் குவளைக்கும் இடையே ரப்பர் காம்பு வைத்த புட்டி என்னும் படி தேவையில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை நேராகவே குவளைக்கு வரலாம்.

தமிழ்நாட்டு வீடுகளில் இது புதிய செய்தி அன்று. சங்கு அல்லது பாலாடை என்னும் சிறு பாத்திரத்தால் குழந்தைக்குப் புகட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆனால் சங்கால் வாயில் ஊற்றுவதும், குவளையிலிருந்து குழந்தை தானே குடிப்பதும் ஒன்றல்ல. குடிக்கும் வேலை குழந்தையினுடையது, குவளையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது மட்டுமே பெரியவர் வேலை என்பதுதான் இக்கட்டுரையில் விளக்கப்படும் முறையின் அடிப்படை.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கருங்கல், புதுக்கடை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரங்களில், குடிக்கும் தண்ணீரை ‘வெள்ளம்’ என்று சொல்வர். சீரகம் போட்டுக் காய்ச்சிய வெள்ளம் அங்குப் பல வீடுகளில் அன்றாடக் குடிநீர். குழந்தைக்கு எப்போது, எப்படி வெள்ளம் கொடுப்பது என்பதில் பாட்டிக்கும் இளம் தாய்க்கும் கருத்து வேறுபாடு எழுவதும் வழக்கமே. அந்த வேறுபாட்டுக்கான காரணமும் கீழே தரப்பட்டுள்ளது.

சங்கும் பாலாடையும்

சங்கு என்பது ஒரு பக்கம் நீண்ட மூக்குப் போன்ற வாயுடைய, ஆழம் குறைந்த பாத்திரம். முதலில் கடற்சங்கால் செய்யப்பட்டதால் இப்பெயர் பெற்றது. பிற்காலத்தில் வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் ஆகியவற்றில் செய்யப்பட்டபோதும் பெயர் மாறவில்லை. இதற்குப் பாலாடை, பாலடை என்னும் பெயர்களும் உண்டு. காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏட்டையும் பாலாடை என்று சொல்வதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழந்தை பிறந்தவுடன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கத்திலும், வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றைக் கல்லில் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்திலும் சங்குக்கு இடம் இருந்தது. குளிப்பாட்டி முடித்த பாட்டி, நீட்டிய கால்களின் மேல் குழந்தையைக் கிடத்திச் சங்கால் புகட்டுவது பலரும் கண்ட காட்சி.

இந்தப் பாத்திரம் இன்று மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது. எடை குறைவாகப் பிறந்து முலையில் உறிஞ்சும் வலிமை இன்னும் வராத குழந்தைகளுக்கும், உதடு அல்லது அண்ணப் பிளவு உள்ள குழந்தைகளுக்கும், பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையால் கொடுக்கிறார்கள். பச்சிளங்குழந்தை மருத்துவம் பற்றிய ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் இப்பாத்திரம் பாலாடை என்ற தமிழ்ப் பெயராலேயே குறிப்பிடப்படுகிறது.

1999 இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு பாலாடை, குவளை, புட்டி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. பாலாடையால் கொடுத்தபோது குழந்தைகள் குறைந்த நேரத்தில் கூடுதலாகக் குடித்ததாகவும் அமைதியாக இருந்ததாகவும் அது கூறியது. 2007 இல் இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஆய்வில், புட்டியைவிடப் பாலாடைக்குக் கூடுதல் நேரம் ஆனது, கூடுதலாகச் சிந்தியது. எனவே பாத்திரத்தை மட்டும் வைத்து நன்மை தீமை சொல்லிவிட முடியாது. புகட்டும் கையின் பயிற்சியும் சேர்ந்தே கருதப்பட வேண்டும்.

6 மாதம் வரை தண்ணீர் ஏன் வேண்டாம்

தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீரே. எனவே 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவைப்படுவதில்லை. சித்திரை வெயிலிலும் இதுவே பொருந்தும். வெயில் நாட்களில் குழந்தை அடிக்கடி பால் கேட்கும். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் தாகம் அடங்கிவிடும். தாய்தான் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இக்காலத்தில் தண்ணீர் கொடுப்பதால் மூன்று தீமைகள் ஏற்படலாம்.

முதலாவது, குழந்தையின் சிறிய வயிறு சத்தில்லாத நீரால் நிரம்பிவிடுகிறது. குழந்தை பால் குடிப்பது குறைகிறது. உறிஞ்சுவது குறைந்தால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும். ‘பால் போதவில்லை’ என்ற கவலை பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

இரண்டாவது, தண்ணீர் வழியாகவும் பாத்திரத்தின் வழியாகவும் கிருமிகள் உட்சென்று வயிற்றுப்போக்கு உண்டாகலாம்.

மூன்றாவது, கைக்குழந்தையின் சிறுநீரகம் முழுமையாக முதிர்ந்திருப்பதில்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, சோர்வும் வலிப்பும்கூட ஏற்படலாம்.

சர்க்கரைத் தண்ணீர், சீரக வெள்ளம், கஞ்சித் தண்ணீர் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. தேன் ஒரு வயது நிறையும்வரை கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் பெருகித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கலாம்.

அறிவுரை மாறிய வரலாறு

‘என் பிள்ளைகளுக்கு நாலாம் மாதமே கொடுத்தேன், டாக்டர்தான் சொன்னார்’ என்று ஒரு பாட்டி சொன்னால் அது பொய்யன்று. முன்பு 4 முதல் 6 மாதத்திற்குள் பிற உணவுகளைத் தொடங்கலாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரையாக இருந்தது. 2001 மே மாதம் நடைபெற்ற உலக நலவாழ்வு அவையில்தான், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே என்ற பரிந்துரை உறுதியாக ஏற்கப்பட்டது. 6 மாதத்திற்குப் பிறகு இணை உணவுடன், 2 வயது வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடரலாம் என்பதும் அப்பரிந்துரையில் அடங்கும்.

இந்தியாவில் பால்மாவு, பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றின் விற்பனை முறைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1992 இல் இயற்றப்பட்டது. அது 2003 இல் திருத்தப்பட்டபோது, சட்டத்தில் இருந்த 4 மாதம் என்னும் எல்லை 6 மாதம் என மாற்றப்பட்டது. ஆகவே பாட்டியும் தாயும் தத்தம் காலத்து மருத்துவர் சொன்னதையே சொல்கிறார்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்போர் 2015-16 இல் இந்திய அளவில் 54.9 விழுக்காடு. இது 2019-21 இல் 63.7 விழுக்காடாக உயர்ந்தது.

வாய் புதிதாகக் கற்க வேண்டியவை

முலையில் பால் குடிக்கும் குழந்தை, வாயை அகலத் திறந்து முலைக்காம்புடன் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் கவ்வுகிறது. உதடுகள் காற்றுப் புகாமல் மூடிக்கொள்கின்றன. நாக்கு முன்னிருந்து பின்னாக அலைபோல் அசைகிறது, தாடை ஏறி இறங்குகிறது. இந்த அசைவு நின்றால் பால் வருவதும் பெருமளவு குறைந்துவிடும். எவ்வளவு குடிப்பது, எப்போது நிறுத்துவது என்பது குழந்தையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

குவளையில் கவ்வுவதற்கு எதுவும் இல்லை. கீழுதட்டின் மேல் விளிம்பு அமர வேண்டும். மேலுதடு கீழிறங்கித் தண்ணீரைத் தொட வேண்டும். சிறிதளவு உறிஞ்சியபின் வாயை மூடி, நாக்கால் பின்னே தள்ளி, மூச்சை ஒரு நொடி நிறுத்தி விழுங்க வேண்டும். இத்தனையையும் ஒரே நாளில் குழந்தை கற்றுக்கொள்ளாது. தொடக்கத்தில் பாதித் தண்ணீர் மோவாய் வழியே வழிவதும், குழந்தை விளிம்பைக் கடிப்பதும், நாக்கை வெளியே நீட்டி நக்குவதும் கற்றலின் பகுதிகளே.

பச்சிளங்குழந்தையின் வாயில் எதை வைத்தாலும் நாக்கு அதை வெளியே தள்ளும். இந்த அனிச்சைச் செயல் ஏறத்தாழ 4 முதல் 6 மாதத்திற்குள் குறைந்துவிடுகிறது. இணை உணவையும் குவளையையும் 6 மாதம் நிறைந்தபின் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடங்கும் காலம்

6 மாதம் நிறைந்திருப்பதோடு, பின்வரும் அடையாளங்களும் குழந்தையிடம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

- தலை ஆடாமல் நிமிர்ந்து நிற்கிறது.
- சிறிது பிடித்துக்கொண்டால் உட்கார முடிகிறது.
- பொருட்களைக் கையால் எடுத்து வாய்க்குக் கொண்டு போகிறது.
- மற்றவர்கள் தம்ளரில் குடிப்பதைக் கூர்ந்து பார்க்கிறது, எட்டிப் பிடிக்கிறது.

கடைசி அடையாளத்தைப் பல வீடுகளில் காணலாம். தாத்தா கட்டன்சாயா குடிக்கும்போது மடியில் இருக்கும் குழந்தை தம்ளரை இழுக்கும். அப்போது அந்தச் சாயாவில் ஒரு மடக்கு கொடுத்துவிடக் கூடாது. சூடு ஒரு ஆபத்து. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பது இன்னொரு காரணம். குழந்தைக்கென ஒரு சிறு குவளையைக் கையில் கொடுக்க அது நல்ல நேரம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், உடல் வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைக்கும் எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குவளையைத் தேர்ந்தெடுத்தல்

விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. பாயசம் கொடுக்கும் சிறிய எவர்சில்வர் தம்ளர் போதும். கவனிக்க வேண்டியவை இவை:

- 50 முதல் 100 மில்லி லிட்டர் பிடிக்கும் சிறிய அளவு. பெரிய தம்ளரில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது குழந்தைக்கும் தெரியாது, பிடிப்பவருக்கும் தெரியாது.
- மழுங்கிய, கூர்மையற்ற விளிம்பு.
- உட்புறத்தில் மடிப்போ இடுக்கோ இல்லாத அமைப்பு. கை விட்டுத் தேய்த்துக் கழுவ முடிய வேண்டும்.
- கண்ணாடி, எளிதில் உடையும் பிளாஸ்டிக் ஆகியவை வேண்டாம்.

மூடியும் மூக்கும் உள்ள குவளைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை சிந்தாமல் இருப்பது பயணத்திற்கு வசதிதான். ஆனால் மூக்கைச் சப்பிக் குடிக்கும் முறை புட்டியை ஒத்தது. திறந்த குவளையில் உதட்டுக்கும் நாக்குக்கும் கிடைக்கும் பயிற்சி அதில் கிடைப்பதில்லை. மூடியின் இடுக்குகளைக் கழுவுவதும் கடினம். எனவே வீட்டில் திறந்த குவளையே முதன்மையாக இருக்கட்டும்.

பழக்கும் முறை

குழந்தை விழித்து, உற்சாகமாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடும் பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ புதியது எதையும் குழந்தை ஏற்காது. இணை உணவு ஊட்டும்போது நடுவிலும் முடிவிலும் கொடுப்பது நல்லது.

1. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகையும் கழுத்தையும் ஒரு கையால் தாங்க வேண்டும். காலில் மல்லாக்கக் கிடத்திக் கொடுக்கக் கூடாது. கழுத்தைச் சுற்றி ஒரு துவர்த்தைக் கட்டிக்கொண்டால் உடை நனையாது.

2. குவளையில் இரண்டு மூன்று தேக்கரண்டித் தண்ணீர் மட்டும் எடுக்க வேண்டும். குழந்தை அதைப் பார்க்கட்டும், தொடட்டும்.

3. குவளையின் விளிம்பைக் கீழுதட்டின் மேல் மெதுவாக வைக்க வேண்டும். கீழுதட்டை அழுத்தக் கூடாது.

4. தண்ணீர் மேலுதட்டைத் தொடும் அளவுக்குக் குவளையைச் சாய்த்து, அப்படியே நிறுத்த வேண்டும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. இதுவே முறையின் மையம். சில நொடிகளில் குழந்தை நாக்கை நீட்டித் தொடும், அல்லது உதட்டைக் குவித்து உறிஞ்சும்.

5. ஒரு மடக்கு விழுங்கியதும் குவளையைச் சற்றுத் தாழ்த்தி, மூச்சு விட நேரம் கொடுக்க வேண்டும். குழந்தை மீண்டும் வாயைத் திறந்தாலோ முன்னோக்கிச் சாய்ந்தாலோ மறுபடி கொடுக்கலாம்.

6. முகத்தைத் திருப்பினால், வாயை இறுக மூடினால், குவளையைத் தள்ளினால் நிறுத்திவிட வேண்டும். முதல் நாட்களில் மூன்று நான்கு மடக்கே போதும்.

சில நாட்களுக்குப் பின் குழந்தையின் இரு கைகளையும் குவளையில் வைத்து, அவற்றின் மேல் பெரியவர் கையை வைத்துப் பிடிக்கலாம். 9 மாத அளவில் பல குழந்தைகள் தாமே பிடிக்க முயலும். ஒரு வயதையொட்டிக் கொஞ்சம் சிந்தினாலும் தாமே குடிக்கும். ஒன்றரை வயது அளவில் பெரும்பாலும் தேர்ச்சி வந்துவிடும். ஒரே வீட்டுக் குழந்தைகளிடையேகூட இதில் சில மாதங்கள் முன்பின் ஆகலாம்.

எவ்வளவு தண்ணீர்

6 முதல் 12 மாதம் வரை ஒரு நாள் முழுவதற்கும் 120 முதல் 240 மில்லி லிட்டர் வரை தண்ணீர் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி கூறுகிறது. இது சிறு தம்ளரில் இரண்டு அல்லது மூன்று தம்ளர். இந்த அளவைக் கட்டாயம் எட்ட வேண்டும் என்பதில்லை. இந்த வயதில் முதன்மை உணவு இன்னும் தாய்ப்பாலே. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சில மடக்கு இறங்கினாலே போதுமானது.

தண்ணீரை உணவுக்கு முன்பே நிறையக் கொடுத்தால் பசி அடங்கிவிடும். எனவே உணவுடனோ உணவுக்குப் பின்னரோ கொடுக்க வேண்டும். இட்லி, ஏத்தங்காய்ப் பொடியில் காய்ச்சிய கூழ், மசித்த மட்டிப்பழம் போன்ற கெட்டியான உணவு தொடங்கியபின் மலம் இறுகினால், தண்ணீர் சற்றுக் கூடத் தேவைப்படலாம். சிறுநீர் வெளிர்நிறமாக, அடிக்கடி கழிந்தால் குழந்தைக்கு நீர் போதுமானது என்று கொள்ளலாம்.

பழச்சாறு, கருப்பட்டி கலந்த தண்ணீர், அக்கானி என்னும் பதநீர் ஆகியவற்றை ஒரு வயதுக்குள் குவளையில் பழக்க வேண்டாம். இனிப்புக்குப் பழகிய நாக்கு வெறும் தண்ணீரை மறுக்கும். முளைக்கும் பற்களும் சொத்தையாகும். பசும்பாலை ஒரு வயதுக்கு முன் முதன்மைப் பானமாகக் கொடுக்கக் கூடாது.

தண்ணீரும் தூய்மையும்

கிணற்று நீரானாலும் குழாய் நீரானாலும் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். ‘சூடு வந்ததும் இறக்குதல்’ போதாது. கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். அன்றன்று காய்ச்சிய நீரையே அன்றன்று பயன்படுத்த வேண்டும். அண்டாவிலோ குடத்திலோ கையை விட்டு மொண்டு எடுத்தால் காய்ச்சியதன் பயன் போய்விடும். கைப்பிடி உள்ள அகப்பையைப் பயன்படுத்தலாம்.

6 மாதத்திற்குப் பின் சீரகம் சேர்த்துக் காய்ச்சிய நீரை வீட்டு வழக்கப்படி கொடுப்பதில் தடையில்லை. ஆனால் கிருமியை அழிப்பது கொதிதான், சீரகம் அன்று.

குவளையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். கொடுப்பவரும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மீந்த தண்ணீரை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

புட்டி ஏன் வேண்டாம்

புட்டியின் காம்பு, கழுத்து, மூடி ஆகியவற்றின் இடுக்குகளில் பால் படிந்து கிருமிகள் வளரும். ஒவ்வொரு முறையும் பிரித்துத் தூரிகையால் தேய்த்துக் கொதிநீரில் இட்டு எடுத்தால்தான் அது தூய்மையாகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபின் குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீருக்கும் தட்டுப்பாடு. அப்படிப்பட்ட நாட்களில் புட்டியை முறையாகக் கழுவ முடியாது. ஒரு சிறு தம்ளரைக் கழுவக் கொஞ்சம் நீரும் சோப்பும் போதும். பேரிடர்க் காலங்களில் புட்டியைத் தவிர்த்துக் குவளையால் கொடுக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் அறிவுறுத்துவது இதனால்தான்.

மேலும், புட்டியில் பால் வரும் வேகமும் வாயசைவும் வேறு. அதற்குப் பழகிய சில குழந்தைகள் முலையில் குடிக்க மறுக்கும். புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் சொத்தையாவதும் உண்டு. மேலே குறிப்பிட்ட 1992 ஆம் ஆண்டுச் சட்டம் பால்புட்டியின் விற்பனையைத் தடை செய்யவில்லை. ஆனால் அதற்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது.

தாய் வேலைக்குச் செல்லும்போது

2017 ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம், சட்டத்திற்கு உட்பட்ட நிறுவனங்களில் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பை உறுதி செய்தது. 26 வாரம் என்பது ஏறத்தாழ 6 மாதம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இவ்விடுப்பு 2021 சூலை முதல் 12 மாதமாக உள்ளது. நாட்கூலிக்கும் சிறு பட்டறைகளுக்கும் போகும் பெண்களில் பலருக்கு இந்த விடுப்பு எட்டுவதில்லை. குமரி மேற்குப் பகுதியில் ‘அண்டி ஆபீஸ்’ எனப்படும் முந்திரி ஆலைகளுக்குச் செல்லும் தாய்மார் பலர், குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச் செல்கிறார்கள்.

இவர்களுக்குக் குவளை மிகவும் உதவும். பிழிந்தெடுத்த தாய்ப்பாலைச் சிறு குவளையில் கொடுக்கலாம். 6 மாதம் நிறையாத குழந்தைக்கும் இப்படிக் கொடுக்க முடியும். அக்குழந்தைகளுக்குக் குவளையில் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர் இல்லை. வேலைக்குச் செல்லத் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே பாட்டி கையால் பழக்கிவிடுவது நல்லது.

கழுவி உலர்த்திய மூடியுள்ள பாத்திரத்தில் பிழிந்தெடுத்த பாலை, 25 பாகை செல்சியசு வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வைக்கலாம். அதைவிட வெயில் கூடிய நாளில் இன்னும் விரைவில் பயன்படுத்த வேண்டும். குளிர்பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். குளிர்ந்த பாலை அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும்.

குழந்தை மறுத்தால்

தாய் கொடுத்தால் குவளையைத் தட்டிவிட்டு முலையையே தேடும் குழந்தை, தந்தையோ பாட்டியோ கொடுத்தால் குடிப்பதுண்டு. அந்நேரம் தாய் அடுத்த அறையில் இருந்தால் எளிதாகும். தண்ணீரின் சுவையின்மை பிடிக்காத குழந்தைக்கு முதலில் தாய்ப்பாலையே குவளையில் கொடுத்துப் பார்க்கலாம். வெற்றுக் குவளையை விளையாடக் கொடுக்கலாம். வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது குழந்தையையும் உடன் உட்காரவைத்தால், மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துத் தானும் முயலும்.

எதுவும் பலிக்காவிட்டால் நான்கைந்து நாள் விட்டுவிட்டுப் பிறகு தொடங்கலாம். மூக்கைப் பிடித்தோ, கன்னத்தை அழுத்தியோ, அழும்போது வாய் திறந்த நேரம் பார்த்தோ ஊற்றுவது ஆபத்து. அது குவளையைக் கண்டாலே குழந்தையை அழவும் வைக்கும்.

வயிற்றுப்போக்கின் போது

குவளையில் குடிக்கத் தெரிந்திருப்பதன் பெரிய பயன் நோயின் போது தெரியும். வயிற்றுப்போக்கில் குழந்தை இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்ய உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை, சிறுசிறு மடக்காகவோ கரண்டியாலோ கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிதல், சிறுநீர் குறைதல், குடிக்க முடியாத சோர்வு, மலத்தில் இரத்தம் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 6 மாதத்திற்கு உட்பட்ட குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புரையேறினால்

கற்கும் காலத்தில் எப்போதாவது புரையேறுவது இயல்பு. குழந்தை இருமினால் அது தன்னைத் தானே காத்துக்கொள்கிறது என்று பொருள். குவளையை எடுத்துவிட்டு, குழந்தையைச் சற்று முன்னோக்கிச் சாய்த்து, இருமி முடிக்க விட வேண்டும். உச்சந்தலையில் தட்டுவதால் பயனில்லை. இருமல் நிற்குமுன் மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

அழவோ மூச்சு விடவோ முடியாமல் உதடு நீலமானால், குழந்தையை முன்கையில் தலை தாழ்ந்திருக்கக் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். உடனே 108 ஐ அழைக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இருமுவது, மூக்கு வழியே வருவது, குடித்தபின் மூச்சில் நீர்ச்சத்தம் கேட்பது, அடிக்கடி நெஞ்சுச்சளி பிடிப்பது ஆகியவை இருந்தால் விழுங்குவதில் குறைபாடு உள்ளதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

பழைய சங்கை என்ன செய்வது

சங்கு கெட்ட பாத்திரம் அன்று. அதைக் கையாளும் முறையே நன்மைக்கும் தீங்குக்கும் காரணமாகிறது. குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, மூக்கு வாயைத் தொண்டை வரை நீட்டி ஊற்றினால், விழுங்கும் முன்பே அடுத்த மடக்கு வந்துவிடும். அது மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் அழற்சி உண்டாகலாம். எண்ணெய், விளக்கெண்ணெய் போன்றவற்றை ஊற்றுவது இன்னும் ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் எளிதில் வெளியேறாது.

அதே சங்கை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கீழுதட்டில் வைத்து, சிறிதளவே சாய்த்து, குழந்தை விழுங்கியபின் அடுத்த மடக்கைக் கொடுத்தால் அதுவும் ஒரு குவளையே. மருத்துவமனைகளில் செவிலியர் செய்வதும் இதுவே. சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் பொறுமையும் குழந்தையின் முகக்குறிப்பை அறியும் பழக்கமும் பாட்டிமாரிடம் முன்பே உண்டு. 6 மாதம் வரை பொறுப்பது, மடியில் நிமிர்த்தி உட்காரவைப்பது, ஊற்றாமல் காத்திருப்பது ஆகிய மூன்றையும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னால், குழந்தைக்குக் குவளை பழக்கத் தகுந்தவர் பெரும்பாலும் பாட்டியாகவே இருப்பார்.